அம்மா வைத்திருந்த அப்பாவின் கடிதங்கள்

கேள்வி: அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. பல வருடம் முன்பே எங்களை விட்டுப் பிரிந்துபோன அப்பாவும் இப்போது இல்லை. கல்யாணத்துக்கு முன் அவர் எழுதிய கடிதங்கள் அம்மாவின் பெட்டியில் கட்டாக இருந்தன. "மானக்கேடு, எரித்துவிடு" என்கிறான் தம்பி. படிக்கலாமா, எரிக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எரிக்காதீர்கள், சகோதரி. தம்பியின் கோபம் புரிகிறது, ஆனால் எரித்தபின் மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மனைவி கேத்தரின். 1836-இல் கல்யாணம், பத்துப் பிள்ளைகள், 1858-இல் பிரிவு. போதாததற்கு டிக்கன்ஸ் தன் பத்திரிகையிலேயே அதைப் பற்றி ஓர் அறிக்கையும் போட்டார். 1860-இல் கேட்ஸ் ஹில் வீட்டில், தனக்கு வந்திருந்த கடிதங்களைக் கூடை கூடையாகக் கொண்டுவரச் செய்து தீயில் போட்டார். கேத்தரின் அவருக்கு எழுதியதில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை.

ஆனால் அவர் எழுதியவை கேத்தரினிடம் பத்திரமாக இருந்தன. அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் இருபது வருடம் வைத்திருந்து, 1879-இல் சாகும் தறுவாயில் மகள் கேட்டியிடம் கொடுத்து, இவற்றைப் பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்த்துவிடு, ஒரு காலத்தில் அவர் என்னை நேசித்தார் என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்றார். பதிலுக்கு ஓர் அறிக்கைகூட விடாத அந்த அம்மாள் கடைசியில் காட்டியது அந்தக் கடிதங்களைத்தான். உங்கள் அம்மாவுக்கும் எரிக்க எத்தனையோ வருடம் இருந்தது, எரிக்கவில்லையே. இதில் மானக்கேடு எங்கே வந்தது?

படிப்பது வேறு விஷயம். 1866-இல் ஜேன் கார்லைல் இறந்த பிறகு அவருடைய நாட்குறிப்பைப் படித்த கணவர், எழுத்தாளர் தாமஸ் கார்லைல், அவர் பட்ட வேதனை தெரிந்து உடைந்தே போனார். துக்கம் ஆறட்டும், அவசரம் வேண்டாம்.

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரவுனிங் செய்ததைச் செய்யுங்கள். தானும் மனைவி எலிசபெத்தும் கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு உறைமேல் தன் கையாலேயே எண் போட்டு, வரிசை குலையாமல் ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தார். மற்ற கடிதங்களை அழித்தவர், இவற்றை மட்டும் மகனிடம் விட்டு, என் காலத்துக்குப் பிறகு உன் இஷ்டம் என்றார்.

நீங்களும் தேதி பார்த்து அடுக்கி, பருத்தித் துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம், நாளானால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அதில் பங்கு உண்டு.