இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் தலைவர்களில் சிறு முதலீட்டாளருக்கு அதிகம் உதவியவர் யார்?

நான் சொல்லும் பெயர் சி.பி. பாவே. 2008 முதல் 2011 வரை செபியின் தலைவர்.

ஆனால் அவருடைய பணியைத் தலைவர் பதவியிலிருந்து அளக்கத் தொடங்குவது சரியல்ல. மகாராஷ்டிரப் பிரிவு ஐஏஎஸ் அதிகாரியான அவர் 1990களில் செபியில் பணியாற்றினார். அப்போது பங்குகள் காகிதச் சான்றிதழ்கள். கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வரும், தபாலில் தொலையும், போலியும் கலந்திருக்கும். பணம் கொடுத்து வாங்கிய பங்கு தன் பெயருக்கு மாறுமா என்று மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்குத்தான் அந்த வேதனை தெரியும். 1996இல், பங்குகளைக் காகிதமில்லாமல் மின்னணுப் பதிவாக வைக்க வழிசெய்யும் டெபாசிட்டரி சட்டம் வந்தது. பாவே ஐஏஎஸ் பணியை விட்டு விலகி, அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் என்எஸ்டிஎல் நிறுவனத்தைக் கட்டியெழுப்பப் போனார். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் டீமேட் கணக்கு அங்கிருந்து வந்தது. ஓர் அரசு அதிகாரி இப்படிப் பாதுகாப்பான பதவியை உதறுவது எவ்வளவு அரிது!

செபி தலைவரானபின் அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு முக்கியமானது நுழைவுக் கட்டண ஒழிப்பு. அதுவரை மியூச்சுவல் ஃபண்டில் 10,000 ரூபாய் போட்டால், 2.25 சதவீதம் வரை, அதாவது 225 ரூபாய், முதலீடாகும் முன்பே கழிந்துவிடும். அது பெரும்பாலும் முகவர் கமிஷனுக்குப் போனது. 2009 ஆகஸ்ட் 1 முதல் அது நின்றது. முகவர்களும் ஃபண்டு நிறுவனங்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய வருமானக் கவலை உண்மையானதுதான். ஆனாலும் வாங்குபவருக்குத் தெரியாமல் கழிக்கப்படும் கட்டணத்தை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.