பனிக்கால விடியலுக்கு முழுத் தானியப் பேன்கேக்

அன்புள்ள தம்பிக்கு,

ஆந்திராவின் பலமநேரிலிருந்து கனடாவின் மாங்க்டனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்றும், காலைப் பேருந்துக்கு முன் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டுப் போனால் பத்து மணிக்கே வயிறு காய்கிறது என்றும், பேன்கேக் செய்ய வாங்கிய பெட்டி மாவு வெறும் மைதாவாக இருந்ததால் கோதுமை மாவில் முயன்றபோது அது ரப்பர் போல இழுத்துக்கொண்டது என்றும் எழுதி, வயிறு தாங்கும்படி முழுத் தானியத்தில் அதைச் செய்ய வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நானும் உங்கள் பக்கம்தான், ஆந்திராவின் எல்லையோர ஊரான குப்பத்தில் பிறந்தவள். இந்த நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் 19 குளிர்காலங்களைக் கழித்துவிட்டேன். வழி உண்டு, அதில் பாதி உங்களுக்கு ஊரிலேயே தெரிந்ததுதான்.

முதலில் மாவுப் பையைத் திருப்பிப் படியுங்கள். கனடாவில் முழுக் கோதுமை மாவு என்ற பெயரில் விற்கும் மாவிலும் தானியத்தில் 5 சதவீதம் வரை நீக்கிவிட விதிகள் இடம் கொடுக்கின்றன. அப்படி நீக்கும்போது முளையின் பெரும்பகுதி போய்விடுகிறது. முழுத் தானியம் என்ற சொல்லும் சேர்ந்து அச்சாகியிருந்தால்தான் தவிடு, முளை எல்லாம் உள்ளே இருக்கின்றன என்று பொருள். முளையில் எண்ணெய் இருப்பதால் அந்த மாவு விரைவில் சிக்கு வாடை அடிக்கும். வாங்கி வந்ததும் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ரப்பர் போல ஆனதற்கு, மாவை நீங்கள் சப்பாத்திக்குப் பிசைவது போல நெடுநேரம் கலக்கியதும், கலக்கிய கையோடு கல்லில் ஊற்றியதும் காரணமாக இருக்கும். கலக்கக் கலக்கக் கோதுமையின் பசைப்புரதம் இறுகும். தவிடோ மெதுவாகத்தான் நீரைக் குடிக்கும். எங்கள் வீட்டில் ராகி அடைக்கு முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த பிறகு, அம்மா அதை ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டப் போவார். பக்கத்துத் தெலுங்கு வீட்டில் அட்டு என்று அவர்கள் சொல்லும் தோசையைச் சுடுகிறவர்களும் மாவு ஊறாமல் கல்லைத் தொடமாட்டார்கள். அந்தப் பொறுமையைத்தான் இந்தப் பேன்கேக்கும் கேட்கிறது.

இரண்டு பேருக்கான அளவு சொல்கிறேன். கோப்பை என்பது இங்குள்ள 250 மில்லி கோப்பை. இரவில் அரைக் கோப்பை ராகி மாவையும் அரைக் கோப்பை தட்டை ஓட்ஸையும் 2 கோப்பை மோரில் கரைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். இங்கே மோர் என்று விற்பது நம் நீர்மோர் அன்று, கெட்டியாகவும் நல்ல புளிப்பாகவும் இருக்கும். அது கிடைக்காவிட்டால் தயிரில் சிறிது நீர் விட்டுக் கடைந்தால் போதும். காலையில் ஒரு கோப்பை கோதுமை மாவு, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை உலர்வாகக் கலந்து, ஊறியதோடு ஒரு முட்டையும் 2 மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு சுற்றில் கலக்கி நிறுத்திவிடுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். பிறகு 15 நிமிடம் தொடாதீர்கள். மோரின் புளிப்போடு சோடா உடனே பொங்கும். பேக்கிங் பவுடரோ ஒரு பங்கு ஈரத்திலும் மறுபங்கு சூட்டிலும் வேலை செய்வதால், காத்திருப்பதால் உப்பல் குறையாது. ராகியைக் கூட்ட ஆசை வரும், எனக்கும் வந்தது. அதில் பசைப்புரதம் இல்லாததால் பாதிக்கு மேல் போனால் திருப்பும்போதே உதிர்ந்துவிடும்.

வாடகை வீடுகளின் மின்னடுப்புச் சுருள் நம் எரிவாயு அடுப்புப் போல உடனே ஆறாது. மிதமான சூட்டில் கல்லை 5 நிமிடம் காயவிட்டு, நீர்த்துளி தெளித்தால் உருண்டு ஓடும் நிலையில் கால் கோப்பை மாவை ஊற்றுங்கள், தோசை போலத் தேய்க்க வேண்டாம். மேலே எழும் குமிழிகள் உடைந்து குழியாக நின்று, ஓரம் காய்ந்ததும் ஒரே ஒருமுறை திருப்புங்கள். கரண்டியால் அழுத்தினால் உப்பல் போய்விடும். எண்ணெய் புகைந்தால் எச்சரிக்கை மணி அலறி அடுத்த வீட்டாரையும் எழுப்பிவிடும் என்பதால் கல்லில் எண்ணெயைத் துடைத்தது போலத் தடவினால் போதும்.

இந்த மாகாணத்தின் வடமேற்கில், அமெரிக்க எல்லையை ஒட்டிய மடவாஸ்கா பகுதியில், பிரெஞ்சு பேசும் அகேடிய மக்கள் பக்வீட் மாவில் பிளாய் என்றொரு பண்டம் சுடுகிறார்கள். பெயரில் வீட் இருந்தாலும் பக்வீட் கோதுமை இனம் அன்று. ஆப்பத்தைப் போல ஒருபுறம் மட்டுமே வேகவைப்பதால் மேற்புறம் முழுக்கக் கண் கண்ணாகத் திறந்திருக்கும். அதை முதன்முதலில் தட்டில் பார்த்தபோது, எல்லையோரத்து ஊர் ஒன்றில் வளர்ந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் மேல் வெண்ணெயும் மேப்பிள் பாகும் ஊற்றுவார்கள். ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கிறது என்பதால் விலை கூடுதலாகவே இருக்கும். கையில் சித்தூர் வெல்லம் இருந்தால் பாகு காய்ச்சி ஊற்றுங்கள், ராகிக்கு அதுவே பொருத்தம்.

வேலை நாளில் இவ்வளவும் செய்ய நேரம் இராது. ஞாயிற்றுக்கிழமை இருமடங்காகச் சுட்டு, நன்றாக ஆறிய பின் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கிவிட்டால், காலையில் ரொட்டி வாட்டும் கருவியில் இரண்டைப் போட்டு எடுத்து, வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கையில் பிடித்தபடியே பேருந்துக்குக் கிளம்பலாம்.