காய்ச்சலும் புள்ளிக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். பல்கலைக்கழக நகரில் உள்ள ஓர் உறைவிடக் கல்லூரியில் தங்கிப் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டும் தங்க விண்ணப்பிப்பதா, ஈசூனில் உள்ள வீட்டிலிருந்து ரயிலில் வந்துபோவதா என்று குழப்பமாக இருக்கிறது. இரண்டு குழுக்களில் இருக்கிறேன். தேர்வுக்கு முன் மாடி மாடியாக நொறுக்குத்தீனிப் பைகள் கொடுத்த குழுவை நடத்தியதும் நான்தான். இடம் கிடைக்கப் போதுமான அளவு பங்களிப்பு சேர்த்துவிட்டேன். ஆனால் சென்ற மாதம் காய்ச்சலில் மூன்று நாள் அறையில் கிடந்தபோது ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை. உணவுக்கூடத்தில் தெரிந்த முகம் இல்லாவிட்டால் பொட்டலம் கட்டிக்கொண்டு அறைக்குப் போய்விடுவது என் வழக்கம். பல்கலைக்கழகத்துக்கு முன் கட்டாயமாகச் செய்த தேசிய சேவையில் நண்பர்கள் தானாகக் கிடைத்தார்கள், இங்கே இல்லை. இந்தக் கல்லூரிகளே ஆங்கிலேயரைப் பார்த்துப் போட்ட வேடம்தானா? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா? என் தமிழ் தேய்கிறது என்று அம்மா வருந்துகிறார்.

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் காய்ச்சலைத் தாண்டிப் போக முடியவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் ஒரு பிள்ளை மூன்று நாள் படுத்துக் கிடந்திருக்கிறான், யாருக்கும் தெரியவில்லை. படித்ததும் மனம் கனத்தது. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது, அதில் பாதி உங்கள்மேல்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலேயர் வழி என்றால் இருக்கட்டும். மருத்துவ மாணவர்களுக்காக 1916இல் தொடங்கிய விடுதியிலிருந்து கணக்கிட்டால், நூறாண்டுக்கும் மேலாக இந்தத் தீவில் பிள்ளைகள் தங்கிப் படித்து வருகிறார்கள். இத்தனை காலம் புழங்கிய பிறகு அது நம்முடையதுதான். 2011இல், பழைய வாரன் கோல்ஃப் திடலில் எழுந்த பல்கலைக்கழக நகரில் தெம்புசு கல்லூரியும் ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் கல்லூரியும் முதல் மாணவர்களைச் சேர்த்தன. தங்குமிடத்திலேயே சிறு குழுக்களாக வகுப்பு, அதே வளாகத்தில் ஆசிரியர்களும் குடியிருப்பது என்ற ஏற்பாடு அப்போது வந்தது. நல்ல ஏற்பாடு. பணத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் பேச வேண்டும், என்னிடம் அல்ல. தமிழைப் பொறுத்தவரை, அம்மாவிடம் தினமும் தொலைபேசியில் பேசுங்கள், பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைக்குப் போங்கள். கல்லூரியில் தங்கியதால் யாருடைய தமிழும் தேய்ந்ததில்லை, பேசாததால்தான் தேய்கிறது.

இப்போது அந்தப் பொட்டலத்துக்கு வருகிறேன். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது, தம்பி.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போனவன். அப்போது வளாகம் புக்கிட் தீமாவில் இருந்தது. 1978இல் நன்யாங் பல்கலைக்கழக மாணவர்களும் எங்களோடு ஒரே வளாகத்தில் படிக்கத் தொடங்கினார்கள். 1980இல் எங்கள் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் அதுவும் இணைந்து இன்றைய தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. பள்ளியில் சீனத்தில் படித்து வந்த அந்த நன்யாங் மாணவர்களுக்கு எங்கள் வளாகத்தில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். என் ஆங்கிலமும் நொண்டிக்கொண்டிருந்த காலம் அது. விடுதிச் சாப்பாட்டு மேசையில் அப்படி ஒருவர் என் எதிரில் வந்து அமர்ந்தார். அவருக்கு வீட்டில் ஹொக்கியன், எனக்குத் தமிழ். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். தேவையும் அளிப்பும் பற்றிய பொருளியல் பாடத்தை மீன் விலையையும் கீரை விலையையும் வைத்து மலாயில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலேசிய மாணவர் ஒருவர், எங்களைவிட மூத்தவர், நாங்கள் சொன்னதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பொறுமையாகச் சொல்லித்தருவார். ஒருநாளும் சிரித்ததில்லை. அவரை அங்கே உட்காரச் சொன்னவர் யாருமில்லை.

எனக்கு ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. எட்டு மணி இருக்கும், அந்தச் சீன நண்பர் ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு அறைக்கு வந்துவிட்டார். அவர் அப்படி ஒன்றும் கனிவான மனிதர் இல்லை, நாளெல்லாம் சிடுசிடுப்பார். என் நாற்காலி காலியாக இருந்ததை அவர் பார்த்தார், அவ்வளவுதான். தினமும் ஒரே இடத்தில் உட்காருகிறவன் ஒருநாள் வராவிட்டால் அது கண்ணில் படும். உங்களுக்கு அந்த உணவுக்கூடத்தில் நாற்காலியே இல்லை. பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர் மூன்று நாள் வராவிட்டால் யாருக்கு எப்படித் தெரியும்?

தேசிய சேவையில் நட்பு தானாகக் கிடைத்தது என்கிறீர்கள். அங்கே தப்பிக்க வழியில்லை. ஒரே நேரத்தில் எழுந்தீர்கள், சாப்பிட்டீர்கள், ஒரே சார்ஜன்டிடம் திட்டு வாங்கினீர்கள். இங்கே உங்கள் அறைக்குப் பூட்டு இருக்கிறது. ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை நீங்களாகக் கொடுத்தால்தான் உண்டு.

மீதிக் கோபம் புள்ளி முறையின்மேல். பல விடுதிகளில் அடுத்த ஆண்டு இடம் வேண்டுமென்றால் இணைப்பாட நடவடிக்கைகளில் சேர்த்த புள்ளிகளைப் பார்க்கிறார்கள். உறைவிடக் கல்லூரியிலும் இரண்டாண்டுக்கு மேல் தங்க விரும்பினால் பங்களிப்பு என்ன என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொடக்கப்பள்ளியிலிருந்தே சான்றிதழ் சேர்த்துப் பழகிய பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? படகோட்டுகிறவனுக்குக் கணக்கு உண்டு, நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவனுக்கு உண்டு, நொறுக்குத்தீனிப் பை கொடுக்கும் குழுத் தலைவருக்கு நிச்சயம் உண்டு. பக்கத்து அறையில் இருமல் கேட்டு எட்டிப் பார்த்தவனுக்கு எதுவும் இல்லை. இரவு ஒரு மணிக்கு, காதல் முறிந்து அழுகிறவனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கும் இல்லை. அவன் அடுத்த ஆண்டு ரயிலில் வருவான், தலைவர் தங்குவார். நீங்கள் எல்லாக் கதவையும் தட்டிப் பை கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும் உங்களுக்கு? அவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்று நீங்கள் என்றைக்காவது கேட்டீர்களா?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: படுக்கைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், ஏதாவது அளவுகோல் வேண்டாமா? குலுக்கல் போடட்டும் என்கிறேன். பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன். இந்த ஊரில் அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கே குலுக்கல்தான். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவருக்குச் சமூக உணர்வு எவ்வளவு என்று யாரும் மதிப்பெண் போடுவதும் இல்லை. ஆனாலும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து உட்காருகிறார்கள். மலாய்க்காரப் பாட்டி வருகிறார், எதிர்வீட்டுச் சீனர் வெள்ளை உறையில் பணம் கொண்டுவருகிறார். பழகிய மனிதர்களுக்கு இது தெரியும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் வரும், அவர்களை எண்ணாமல் விட்டால்.

விண்ணப்பிப்பதா என்று கேட்டீர்கள், அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இந்தப் பருவம் முடியும்வரை ஒவ்வோர் இரவும் கீழே போய்ச் சாப்பிடுங்கள், ஒரே மேசையில். கைபேசியை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். பொட்டலத்தோடு வாசலை நோக்கி நடக்கும் முதலாண்டு மாணவர் யாராவது கண்ணில் பட்டால், பெயரைக் கேட்டு உட்காரச் சொல்லுங்கள். இரண்டு குழுக்களில் ஒன்றை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்று உங்களுக்கே தெரியும். அதன் பிறகும் ஈசூனுக்குத்தான் போகத் தோன்றினால் போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. முடிவெடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.