காதுக்குள் ஓயாமல் இரைகிறது, மாத்திரையிலும் போகவில்லை. இதோடு எப்படி வாழ்வது?

தலைசுற்றல் மாத்திரை, நரம்புச் சத்து மாத்திரை, பத்து நாள் கழித்து வாருங்கள். அப்படித்தானே? எனக்கும் அதுதான் நடந்தது. இந்த இரைச்சலை நிறுத்துவதற்கென்றே ஒரு மாத்திரை இன்னும் வரவில்லை. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் காசாவது மிஞ்சியிருக்கும்.

நான் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டியவன். நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா அடிபடுகிற சத்தத்தில், பக்கத்துத் தறிக்காரரிடம் கைச்சாடையில்தான் பேசுவோம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் காது கொஞ்ச நேரம் ‘ஙொய்’ என்று இருக்கும், டீ குடிப்பதற்குள் போய்விடும். ஒரு கட்டத்தில் போகாமலே தங்கிவிட்டது, சில்வண்டு காதுக்குள் குடிவந்த மாதிரி. பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நிற்கும் பாருங்கள், அப்புறம் அதன் ராஜ்ஜியம்தான்.

வீட்டில் சொன்னால் “எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே” என்பார்கள். மாமியார் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டார். தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வம்பு.

கடைசியில் ஆடியோகிராம் எடுத்தார்கள், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற சோதனை. ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். மிஷின் சத்தம் எது, என் சத்தம் எது என்று பிரிக்கத் தெரியாமல் முழித்தேன். காகிதத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சுருதி பக்கம் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கேதான் விழுமாம். உட்காதில் சத்தத்தை வாங்குகிற மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அந்தச் சுருதி காதிலிருந்து வராததால் மூளை தானே வால்யூமை ஏற்றிவிடுகிறது என்று பரிசோதித்த பெண் விளக்கினார்.

காது மிஷின் போட்டதும் வெளிச் சத்தம் உள்ளே வந்தது, இது கொஞ்சம் ஒதுங்கியது. ராத்திரிக்கு டேபிள் ஃபேன். இரைச்சலை முழுக்க அமுக்குகிற அளவுக்குச் சத்தம் வைக்காதீர்கள், அதைவிட ஒரு படி கீழே இருக்கட்டும். அப்போதுதான் மூளைக்குப் பழகும். ‘இருக்கிறதா, போய்விட்டதா’ என்று அமைதியில் உட்கார்ந்து சோதிக்கிற வேலையே வேண்டாம். எனக்கு இன்றும் இருக்கிறது. பல நாள் நினைப்பே வராது. இப்போது உங்கள் கேள்வியைப் படித்ததால் நன்றாகவே கேட்கிறது.

‘தறிக்காரன் வைத்தியம் சொல்ல வந்துவிட்டான்’ என்பவர்கள் சொல்லட்டும். நான் டாக்டர் இல்லை. ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், அதில் நாள் கடந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

‘காதில் அடைப்பான் போட்டிருக்கலாமே’ என்றும் கேட்பீர்கள். அதையெல்லாம் எங்களுக்கு யார் பார்த்தார்கள்? எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதியில் இருக்கிறது. நாலைந்து ஆள் வைத்துத் தறி ஓட்டுகிற குடோனை அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. கூலி ஒப்பந்தம் மட்டும் என்ன வாழ்ந்தது? பேசிக் கையெழுத்துப் போட்ட உயர்வைக் கொடுக்க முதலாளிகள் இழுத்தடிப்பார்கள். கேட்டால் நூல் விலை ஏறிவிட்டது என்பார்கள். நூல் விலை இறங்கின மாதம் கூலி ஏறியதா? அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆடியோகிராம் எடுத்தீர்களா என்று எழுதவே இல்லையே? எடுக்கவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். காலையிலேயே போய் சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் அள்ளும்.