கிம் நோவக் எதை விட்டுப் போனார்?

கேள்வி: ஹிட்ச்காக் இயக்கிய ‘வெர்டிகோ’ ஹாலிவுட் படத்தின் கதாநாயகி கிம் நோவக், புகழோடு இருக்கும்போதே சினிமாவை விட்டுப் படம் வரையப் போய்விட்டாராமே? நடிப்பு வராத அழகிகள் கடைசியில் இப்படித்தானே பொழுதுபோக்குத் தேடிக்கொள்வார்கள்?

பதில்: வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஓவியம் படித்துக்கொண்டிருந்த பெண்ணை நடிகையாக்கினார்கள். 1933-ல் சிகாகோவில் பிறந்தவர், அந்த ஊர் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் பள்ளியில் உதவித்தொகையோடு படித்தவர். கைச்செலவுக்கு மாடலிங். குளிர்பதனப் பெட்டி விளம்பரத்துக்காக ‘மிஸ் டீப்ஃப்ரீஸ்’ என்ற பட்டத்தோடு ஊர் ஊராகப் போன பயணம்தான் கலிபோர்னியாவில் கொண்டுபோய் விட்டது. கொலம்பியா ஸ்டூடியோ ஒப்பந்தம் போட்டது. 1954-ல் ‘புஷ்ஓவர்’, மறு வருடம் ‘பிக்னிக்’.

ஸ்டூடியோ முதலாளி ஹாரி கோன் அவருக்கு வைக்க நினைத்த பெயர் கிட் மார்லோ. மேரிலின் என்ற இயற்பெயரை விட்டுக்கொடுத்தார். நோவக் என்ற குடும்பப் பெயரை விட மாட்டேன் என்று நின்றார், ஜெயித்தார். முப்பது வருடம் கழித்து ‘ஃபால்கன் க்ரெஸ்ட்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்தபோது அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் கிட் மார்லோ! சம்பளத்திலும் அப்படித்தான். வாரம் 1,250 டாலர் கொடுத்துவிட்டு, அவரை வெளிக் கம்பெனிக்கு அனுப்பி ஸ்டூடியோ பல மடங்கு வாங்கிக்கொண்டது. 1957-ல் வேலைக்கு வர மறுத்து, சம்பளத்தைக் கூட்டிக்கொண்டார். வெறும் முகத்தை நம்பிப் பிழைத்தவர் செய்கிற காரியமா இது?

நடிப்பு வராதா? ‘வெர்டிகோ’வை மறுபடி பாருங்கள். (எம்.ஜி.ஆரின் ‘கலங்கரை விளக்கம்’ இந்தக் கதையைத் தழுவியதுதான்.) ஈடித் ஹெட் வடிவமைத்த சாம்பல் நிற சூட்டும் கறுப்பு ஷூவும் நோவக்குக்குப் பிடிக்கவில்லை. ஹிட்ச்காக் அசையவில்லை. அந்த அசௌகரியத்தையே நோவக் மேடலின் பாத்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். உடைக்குள் அடைபட்ட உடம்பாக நடப்பாள் மேடலின். மேடலினாக வேஷம் போட்ட சாதாரணப் பெண் ஜூடியாக வரும்போது நடை, குரல், புருவம் மூன்றும் வேறு. ஹோட்டல் அறையில் பச்சை நியான் வெளிச்சத்தில், கதாநாயகன் கேட்டபடி மேடலின் மாதிரியே கொண்டை போட்டுக்கொண்டு அவள் வெளியே வரும் காட்சியில் முகத்தைக் கவனியுங்கள். அவன் கேட்ட பெண்ணாகிவிட்டேன் என்ற ஆசையும், நான் இல்லாமல் போனேன் என்ற பயமும் ஒரே பார்வையில் இருக்கின்றன. 1958-ல் விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடாத படம், 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை நடத்திய மிகச் சிறந்த படங்களுக்கான கருத்துக்கணிப்பில் முதலிடம் பிடித்தது.

1966-ல் மண்சரிவு அவருடைய வீட்டைக் கொண்டுபோனது. ஹாலிவுட்டை விட்டு கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரைக்குப் போனார். பிறகு கால்நடை மருத்துவரான கணவரோடு ஓரெகன் மாநிலம். நடுநடுவே நடித்தார், 1991 வரை.

இனி ‘பொழுதுபோக்கு’க்கு வருவோம். அவர் ஓரெகன் ஓவியர் ரிச்சர்ட் மெக்கின்லியிடம் கற்றவர். நீர்வண்ணத்தை அடித்தளமாகப் போட்டு, அது காய்ந்தபின் மேலே பாஸ்டல் ஏற்றும் முறையில் பேர்பெற்றவர் மெக்கின்லி. பாஸ்டல் என்றால் பிள்ளைகளின் க்ரேயான் என்று நினைத்துவிடாதீர்கள். நிறப்பொடியை மிகக் கொஞ்சம் பசையால் கட்டிய குச்சி அது. தாளின் சொரசொரப்புதான் பொடியைப் பிடித்து வைக்கிறது. சாதாரணத் தாளில் இரண்டு மூன்று பூச்சிலேயே அந்தச் சொரசொரப்பு அடைந்துவிடும். அதற்குமேல் குச்சி வழுக்கும், நிறம் ஏறாது. அதனால்தான் உப்புத்தாள் மாதிரி மணல் பூசிய தாள். அதையும் பலகையில் ஒட்டாமல் நீர்வண்ணம் தீட்டினால் அலை அலையாக நெளியும். முதலில் கெட்டியான குச்சி, கடைசியில் மிருதுவானது. மாற்றினால் அடியிலேயே பள்ளமெல்லாம் நிரம்பி, மேல்நிறம் சேறாகிவிடும். உதிரும் பொடியை வாயால் ஊதக் கூடாது, மூச்சோடு உள்ளே போகும். பலகையைத் தட்டித்தான் விழச் செய்ய வேண்டும். பொடி உதிராமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் என்ற ஒட்டுத்திரவம் தெளித்தால் வெளிர் நிறங்கள் கறுத்துப்போகும். தெளிக்காவிட்டால் கை பட்டாலே கலையும். கண்ணாடி போடும்போதும் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் படத்தில் பாதி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் தெரிந்து, மெல்லிய பூச்சின் மேல் பூச்சாக ஒரு முகத்தைக் கொண்டுவருகிறவரின் வேலைக்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

2000-ல் ஓரெகன் வீட்டில் தீப்பிடித்தது. ஓவியங்கள் சில எரிந்தன. எழுதிக்கொண்டிருந்த சுயசரிதையின் ஒரே பிரதி இருந்த கணினியும் போனது. ஆனாலும் வரைவதை அவர் நிறுத்தவில்லை. 2019-ல், 86 வயதில், ஒஹையோவின் பட்லர் அமெரிக்க ஓவியக் கழகம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது.