தாத்தாவின் அஞ்சல்தலைக்கு வரி இல்லை, சந்தையில் வாங்கிய கேமராவுக்கு உண்டு

வரி: கேள்வி பதில்

கேள்வி: காலமான தாத்தா வைத்திருந்த அஞ்சல்தலை ஆல்பங்களையும் ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் பண நோட்டுகளையும் இணைய ஏலத்தில் விற்றதில் சுமார் 11,000 வெள்ளி கிடைத்தது. இதை வரி அறிக்கையில் காட்ட வேண்டுமா? - வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா. அது விற்பதற்காக நீங்கள் வாங்கிய சரக்கு அல்ல. குடும்பப் பொருளைக் காசாக்கியிருக்கிறீர்கள். தனிநபர் இப்படிப்பட்ட சொந்தப் பொருளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு மலேசியாவில் வருமான வரி கிடையாது. 2024 மார்ச்சில் வந்த மூலதன ஆதாய வரியும் தனிநபரைத் தொடாது.

ஆல்பம் தீர்ந்த பிறகு, பழகிய கை சும்மா இருக்காமல் வெளியே நோட்டு வாங்கி விற்கத் தொடங்கினால் அன்றே அது வியாபாரம். அதனால் தாத்தாவின் பொருள்களை இப்போதே படமெடுத்துப் பட்டியல் போட்டு வையுங்கள். இரண்டும் ஒரே ஏலக் கணக்கில் கலந்துவிட்டால் எது எவருடையது என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் பழைய கேமராக்களை வாங்கி, பழுது பார்த்து, ஈபேயில் ஏலம் விடுகிறேன். எடுப்பவர்கள் எல்லாரும் வெளிநாட்டினர். பணமும் பேயோனியர் என்ற இணையப் பணக் கணக்கில் டாலராகவே கிடக்கிறது. இது வெளிநாட்டு வருமானம்தானே? மாதச் சம்பளத்துக்கு ஏற்கெனவே வரி கட்டுகிறேன். - வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இல்லை ஐயா. வாங்குவது, பழுது பார்ப்பது, படமெடுத்து ஏலத்தில் போடுவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் பினாங்கில் நடக்கின்றன. ஈபே எங்கே இருந்தாலும் வருமானம் பிறக்கும் இடம் மலேசியா. டாலரை இங்கே கொண்டு வராவிட்டாலும் கணக்கில் வந்துவிடும். விற்கவே வாங்குகிறீர்கள், சீர் செய்து விலையை ஏற்றுகிறீர்கள், அடிக்கடி செய்கிறீர்கள். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 4(ஏ) பிரிவில் இது வியாபார வருமானம்.

ஆனால் வரி லாபத்துக்குத்தான், விற்பனைக்கு அல்ல. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஆண்டு விற்பனை 18,600 வெள்ளி. கேமரா வாங்கியது 9,200. டிசம்பர் 31 அன்று அலமாரியில் விற்காமல் இருப்பது, வாங்கிய விலையில், 2,400. ஆக விற்ற சரக்கின் அடக்கம் 6,800. ஈபே கட்டணம் 2,230, தபால் 1,940, உதிரிப் பாகம் 420, பெட்டியும் பபிள் ராப்பும் 265. மொத்தக் கழிவு 11,655, லாபம் 6,945. சலுகைகள் போக உங்கள் சம்பளத்தில் வரிக்குரிய தொகை 38,000 என்றால் இந்த லாபம் அதன் மேல் ஏறும். 35,000 முதல் 50,000 வெள்ளி வரை 6 விழுக்காடு என்பதால் கூடுதல் வரி 416.70 வெள்ளி. பயந்து ஒளிக்கும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை பாருங்கள்.

பலர் சறுக்கும் இடங்கள் இரண்டு. பேயோனியருக்கு வந்த 16,370-ஐ விற்பனை என்று எழுதிவிட்டு, ஈபே கட்டணத்தை மறுபடியும் கழிப்பார்கள். கட்டணம் பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகைதான் விற்பனை. டாலரை அந்தந்த விற்பனை நாளின் மாற்று விகிதத்தில் வெள்ளியாக்குங்கள். இன்னொன்று, அலமாரியில் இருக்கும் சரக்கின் விலையையும் இந்த ஆண்டே கழித்துவிடுவது. அது விற்கும் ஆண்டில்தான் செலவு.

விற்க வாங்கிய ரோலைஃப்ளெக்ஸ் கேமரா மேல் ஆசை வந்து நீங்களே வைத்துக்கொண்டால், சந்தை விலைக்கு உங்களுக்கே விற்றதாக எழுத வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாமல் ஓடிப்போய், விற்பனை ரத்தானால் அது வருமானம் அல்ல. ரத்தான பக்கத்தை மட்டும் சேமித்து வையுங்கள்.

கேள்வி: சந்தையில் யாரும் ரசீது தருவதில்லை. வாங்கிய விலையை எப்படிக் காட்டுவது? - வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சந்தைக் கடையில் ரசீது கேட்டால் சிரிப்பார்கள், உண்மைதான். நீங்களே ஒரு பணச் சீட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், பொருளின் மாடலும் தொடர் எண்ணும், கொடுத்த தொகை, விற்றவர் கையெழுத்து ஆகியவை இருக்கட்டும். இயன்ற வரை டுயிட்நவ் கியூஆரில் (கைப்பேசியில் ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் முறை) கட்டினால் வங்கிப் பதிவே பாதி சாட்சி. தொடர் எண்ணை ஏலப் பதிவிலும் போடுங்கள். வாங்கியதும் விற்றதும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏலத் தளத்தின் பழைய பதிவுகள் என்றும் இருக்கும் என்று நம்பாமல் மாதாமாதம் அறிக்கையைப் பதிவிறக்கிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக பிஇ பாரத்தில் (வியாபாரம் இல்லாதவர்களுக்கான வரி அறிக்கை) சம்பளத்தை மட்டும் காட்டிவிட்டேன். ஏல வியாபாரத்தை இப்போது சொன்னால் மாட்டிக்கொள்வேனா? - வாசகி, கெப்போங்

பதில்: சொல்லாமல் இருந்து மாட்டுவதுதான் மோசம். குறைத்துக் காட்டிய வரிக்கு அதே அளவு வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கி மதிப்பிடலாம். மோசடியோ அலட்சியமோ என்றால் அந்த வரம்பும் இல்லை. இரண்டு ஆண்டுக்கும் தனித்தனி லாபக் கணக்கு எழுதி, உங்கள் கோப்பு இருக்கும் ஹாசில் (உள்நாட்டு வருமான வரி வாரியம்) கிளைக்குக் கடிதத்தோடு நீங்களே கொடுங்கள். தானாக முன்வருபவருக்கு அபராதம் குறையும்.

இந்த ஆண்டிலிருந்து பிஇ வேண்டாம், வியாபாரம் உள்ளவர்களுக்கான பி பாரம். கெடு ஏப்ரல் 30 அல்ல, ஜூன் 30. ஹாசிலின் மைடெக்ஸ் இணையத்தளத்தில் நிரப்பும்போது தொழில் குறியீட்டில் இணையச் சில்லறை ஏலத்துக்கு 47914. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிந்திருக்க வேண்டும்; சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. பி பாரம் அனுப்பியபின் சிபி500 என்று தவணைக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். அது அபராதம் அல்ல, அடுத்த ஆண்டு வரியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முன்கூட்டிக் கட்டும் ஏற்பாடு.