சரிவைச் சமன்செய்துதான் வீடு கட்ட வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே பழைய தேயிலைச் சரிவில் இடம் வாங்கியிருக்கிறோம். அமெரிக்காவில் அருவியின் மேல் கட்டப்பட்ட ‘ஃபாலிங்வாட்டர்’ போல, கண்ணாடிச் சுவர்களும் பள்ளத்தாக்கை நோக்கி நீளும் மாடங்களுமாக, இயற்கையோடு இயைந்த பெரிய வீடு கட்ட ஆசை. நிலத்தைச் சமன்செய்துவிட்டுத் தொடங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சமன்செய்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சரிவை வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித் தளம் அமைத்தால், மேலே வெட்டுமுகம் பிடிமானத்தை இழக்கிறது. கீழே கொட்டிய மண்ணோ மழைநீரை உறிஞ்சிக் கனத்து, நழுவத் தயாராகிறது. நீலகிரியின் கிழக்குப் பக்கத்திலிருக்கும் கோத்தகிரியை வடகிழக்குப் பருவமழை நேராகத் தாக்கும். 2009 நவம்பரில் அம்மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நீங்களும் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

எனவே வீட்டை ஒரே தளமாக்காமல், சரிவின் போக்கிலேயே இரண்டு மூன்று படிகளாகப் பிரித்து, இயன்ற இடங்களில் தூண்கள்மீது நிறுத்தச் சொல்லுங்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதிக்கும் இந்த அமைப்பே பொருந்தும். பொக்லைன் இறக்குவதற்கும் அங்கே தனியாக அனுமதி பெற வேண்டும். தாங்குசுவர் தவிர்க்க முடியாத இடத்தில், அதன் பின்புறம் ஜல்லி நிரப்பி, சுவரில் நீர் வடியத் துளைகள் விடுவது கட்டாயம். பின்னால் நீர் தேங்கினால் கருங்கல் சுவரும் வயிறு தள்ளிவிடும் என்பதை மலைச்சாலைகளிலேயே பார்க்கலாம்.

‘ஃபாலிங்வாட்டரில்’ அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் செய்தவற்றில் நான் வியப்பது மாடங்களை அல்ல. அங்கிருந்த பாறையை உடைக்காமல், அது வரவேற்பறைத் தரையில் கணப்படுப்பின் முன் துருத்தி நிற்கும்படி விட்டார். சுவர்களுக்கும் அந்த நிலத்திலேயே வெட்டிய கல்லைப் பயன்படுத்தினார். அந்தரத்தில் நீண்ட மாடங்களோ தொய்ந்துபோய், 2002இல் எஃகு வடங்களால் இழுத்துக் கட்டப்பட்டன. ஆகவே பாறையையும் கல்லையும் பின்பற்றுங்கள், மாடத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஒரு பக்கம் போதும். சுற்றிலும் வைத்தால் இரவில் குளிர் உள்ளே இறங்கும், பறவைகளும் மோதும். காட்டெருமைகள் நடமாடும் வழி உங்கள் நிலத்தின் ஊடே சென்றால் அதை வேலியிட்டு அடைக்காதீர்கள். அவை வேலியை மதிப்பதுமில்லை.

வரைபடத்துக்கு அவசரப்படாமல், வரும் ஐப்பசி மழையில் கட்டடக் கலைஞரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே ஊற்றெடுக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களை ஒதுக்கிவிட்டே அறைகளைத் தீர்மானிக்க வேண்டும்.